எழுத்து வேலைக்குக் கையேடு: காசு கொடுத்து வாங்கணுமா?



நம்ம பசுவந்தனை பக்கம் வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தி, உளுந்து, மக்காச்சோளம். இல்லையென்றால் தீப்பெட்டி ஆபீஸ், தையல் என்று ஓடுகிறோம். இதற்கு நடுவில் கஷ்டப்பட்டுப் படிக்க வைத்த பிள்ளைகள் பலர் டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறார்கள். கையில் செல்போன் இருக்கிறது. "வீட்டிலிருந்தே கட்டுரை எழுதிச் சம்பாதிக்கலாம்" என்ற விளம்பரம் வந்தால் ஆசை வருவது இயற்கைதான்.

அந்த விளம்பரத்தைத் தொடர்ந்து இன்னொன்றும் வருகிறது. "முதலில் எழுத்து நடைக் கையேட்டை வாங்குங்க, அப்புறம்தான் வேலை" என்கிறார்கள். 500 ரூபாயிலிருந்து சில ஆயிரம் வரை கேட்கிறார்கள். அந்தப் பணத்துக்குக் குழுவில் உள்கடன் கேட்டால் கொடுக்கலாமா என்பதுதான் இப்போது நம் முன் இருக்கும் கேள்வி. குழுப் பணம் நம் எல்லோருடைய வியர்வை. அதனால் விவரம் தெரிந்து முடிவெடுப்போம்.

எழுத்து வேலை என்பது என்ன?

இது உண்மையிலேயே இருக்கிற வேலைதான். கடைகள், கம்பெனிகள் தங்கள் பொருளைப் பற்றி இணையத்தில் எழுதுகின்றன. ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழாக்கவும், எழுதியதில் பிழை திருத்தவும் ஆள் வேண்டியிருக்கிறது. வார்த்தைக்கு இவ்வளவு, கட்டுரைக்கு இவ்வளவு என்று கூலி. பீஸ் ரேட் போலத்தான். சாதாரணக் கட்டுரைகளை இப்போது கம்ப்யூட்டரே எழுதிவிடுவதால் மலிவான வேலைக்குக் கூலி இறங்கியிருக்கிறது. இதையும் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும்.

நடைக் கையேடு என்பது என்ன?

ஒரு சின்ன உதாரணம். "கோவில்" என்று எழுதுவதா, "கோயில்" என்று எழுதுவதா? இரண்டும் சரிதான். ஆனால் ஒரே கட்டுரையில் ஒரு இடத்தில் அப்படியும் இன்னொரு இடத்தில் இப்படியும் இருந்தால் படிக்கிறவருக்கு உறுத்தும். அதனால் ஒரு பத்திரிகையோ கம்பெனியோ "நாங்கள் 'கோயில்' என்றே எழுதுவோம், ஆனால் ஊர்ப் பெயர் 'கோவில்பட்டி' என்றே இருக்கட்டும்" என்று விதி வைத்துக்கொள்ளும். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம கோவில்பட்டி கடலைமிட்டாயை ஒரே சொல்லாக எழுதுவதா, பிரித்து எழுதுவதா? எண்களை எண்ணாக எழுதுவதா, எழுத்தாக எழுதுவதா? ஒற்று எங்கே போடுவது? இப்படிப்பட்ட விதிகளின் தொகுப்புதான் நடைக் கையேடு.

கையேடு என்று சொல்லி மூன்று விதமான சரக்கு வருகிறது. மூன்றையும் பிரித்துப் பார்க்கணும்.

1. வேலை கொடுப்பவரின் சொந்தக் கையேடு. இதை அவர்தான் சும்மா கொடுக்கணும். வீட்டுக்குப் பெட்டி ஒட்டக் கொடுத்த காலத்தை நினைத்துப் பாருங்கள். லேபிளை எந்தப் பக்கம் ஒட்டணும் என்று காட்டுவதற்குக் கணக்கப்பிள்ளை நம்மிடம் காசு கேட்டாரா? பெரிய மைக்ரோசாஃப்ட் கம்பெனியே தன் தமிழ் நடைக் கையேட்டை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் வைத்திருக்கிறது.

2. எல்லோருக்கும் பொதுவான நூல். மொழி அறக்கட்டளையின் முயற்சியில் 2001-ல் வந்த 'தமிழ் நடைக் கையேடு', 1992-ல் முதலில் வெளியாகி 2020-ல் மூன்றாம் பதிப்பு கண்ட 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி' போன்றவை. அறிஞர்கள் வருடக்கணக்கில் உழைத்துச் செய்தவை. விலை உண்டு, விலைக்கு உள்ள பலனும் உண்டு.

3. "வாங்கினால்தான் வேலை" என்று விற்கும் கையேடு. பெரும்பாலும் செல்போனுக்கு அனுப்பும் சில பக்கங்கள். யார் எழுதியது, எந்தப் பதிப்பகம் என்று இருக்காது. இதற்கு ஒரு ரூபாய் கூடக் கொடுக்க வேண்டாம்.

"அமெரிக்கா, லண்டனுக்கு எழுதணும்னா கையேடு கட்டாயம்" என்றும் சொல்வார்கள். ஆங்கிலத்தில் 'சிகாகோ கையேடு' என்று ஒன்று 1906 முதல் இருக்கிறது. 18-ஆம் பதிப்பு 2024-ல் வந்தது. அது விலைக்குத்தான் கிடைக்கும். ஆனால் அதைக் கேட்கும் பதிப்பாளரிடம் வேலை கிடைத்த பிறகு வாங்கினால் போதும். தமிழில் எழுதுவதற்கு அது தேவையே இல்லை.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

வார்த்தைக்கு 30 பைசா கூலி என்று வைத்துக்கொள்வோம். 500 வார்த்தைக் கட்டுரைக்கு 150 ரூபாய். கையேட்டின் விலை 1,500 ரூபாய் என்றால் பத்துக் கட்டுரையின் கூலி அதற்கே போய்விடும். உள்கடனாக இருந்தால் வட்டி தனி. ஆடு வாங்கினால் குட்டி போடும். மெஷின் வாங்கினால் மறுநாளே ஜாக்கெட் தைக்கலாம். வேலையே உறுதியாகாமல் கையேடு வாங்குவது, விதைக்க நிலம் பார்க்காமல் விதையை வாங்கி வைப்பது போலத்தான்.

காசில்லாமல் என்ன கிடைக்கும்?

- 9-ஆம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல். ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்பது அதில் தெளிவாக இருக்கிறது. தமிழ் எழுதுகிற பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். உங்கள் வீட்டுப் பரணிலேயே அந்தப் புத்தகம் இருக்கலாம்.
- தமிழ் இணையக் கல்விக்கழகம். 2001-ல் தமிழ்நாடு அரசு தொடங்கியது. அதன் இணையதளத்தில் அகராதிகளும் ஆயிரக்கணக்கான நூல்களும் இலவசம்.
- அரசுப் பொது நூலகம். அகராதிகளை அங்கேயே உட்கார்ந்து பார்த்துக் குறிப்பு எடுக்கலாம்.
- ஒரு நோட்டு. எழுதும்போது சந்தேகம் வந்த சொல்லைப் பார்த்து, சரியான வடிவத்தை எழுதி வைத்தால் ஆறு மாதத்தில் அதுவே சொந்தக் கையேடு ஆகிவிடும்.

நம்ம பேச்சு கொச்சை, அதை வைத்து எழுத முடியாது என்று பிள்ளைகள் கூச்சப்பட வேண்டாம். பக்கத்து இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணன் இந்தக் கரிசல் பேச்சிலேயே எழுதி 1991-ல் சாகித்ய அகாடமி விருது வாங்கினார். கரிசல் சொற்களைத் தொகுத்து அகராதியும் போட்டார். கம்ப்யூட்டருக்குத் தெரியாத நம் விதைப்பும் சமையலும் வைத்தியமும் நம்மிடம் இருக்கின்றன. நல்ல எழுத்துக்கு அதுவும் முதல்தான்.

அப்படியானால் எப்போது வாங்கலாம்?

வேலை தொடர்ந்து வந்து, மூன்று மாதமாவது கூலி ஒழுங்காகக் கையில் ஏறிய பிறகு, அந்த வருமானத்திலிருந்து ஒரு நல்ல அகராதி வாங்கலாம். அது வீண் செலவு இல்லை. பிழையில்லாமல் எழுதுகிறவருக்குத்தான் அடுத்த வேலை வரும். எழுதுகிற பிள்ளைகள் நாலைந்து பேர் இருந்தால், கூட்டமைப்பின் பொதுநிதியில் ஒரு அகராதியும் ஒரு நடைக் கையேடும் வாங்கி அலுவலகத்தில் வைக்கலாம். ஆளுக்கொன்று வாங்கத் தேவையில்லை.

எச்சரிக்கை

பதிவுக் கட்டணம், கையேட்டுக் கட்டணம், டெபாசிட் என்று எந்தப் பெயரில் முன்பணம் கேட்டாலும் விலகிவிடுங்கள். சிலர் பணம் வாங்கிக்கொண்டு வேலையும் கொடுப்பார்கள். பிறகு "பிழை அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டாய்" என்று வக்கீல் நோட்டீஸ் என ஒன்றை அனுப்பி மேலும் பணம் கேட்பார்கள். பயந்து கட்ட வேண்டாம். ஆதார் எண், ஓ.டி.பி. கொடுக்க வேண்டாம். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்த அளவுக்குப் பணத்தை வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். வெட்கப்பட்டு மறைத்தால் நஷ்டம் நமக்குத்தான்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

- நம் குழுவில் யார் வீட்டுப் பிள்ளைக்கு இந்த மாதிரி விளம்பரம் வந்திருக்கிறது? யாராவது பணம் கட்டியிருக்கிறார்களா?
- கையேடு, பதிவுக் கட்டணத்துக்கு உள்கடன் இல்லை என்று தீர்மானம் போடலாமா?
- எழுத ஆர்வமுள்ள பிள்ளைகள் எத்தனை பேர்? பட்டியல் எடுத்து ஊக்குநர் மூலம் கூட்டமைப்புக்குக் கொடுங்கள். பொதுவாகப் புத்தகம் வாங்குவதைச் செயற்குழுவில் வைத்து முடிவு செய்யலாம்.