நிறைமதி விழாவும் மொழி வகுப்பும்

சீன மக்களின் விழாக்களுள் புத்தாண்டுக்கு அடுத்த சிறப்புடையது நடு இலையுதிர்கால விழாவாகும். சீனரின் பழைய கணக்கின்படி ஆண்டின் ஏழாம், எட்டாம், ஒன்பதாம் மாதங்கள் இலையுதிர்காலத்துக்கு உரியவை. அவற்றுள் நடுமாதமாகிய எட்டாம் மாதத்தின் நடுநாளாகிய பதினைந்தாம் நாளில், நிலவு நிறைந்து விளங்கும் இரவில், இவ்விழா நிகழ்கின்றது. நமது நாட்காட்டியில் அது செப்டெம்பரிலோ ஒக்டோபர் முற்பகுதியிலோ வரும். விளைச்சலைக் கண்டு மகிழ்ந்த உழவர் நிலவுக்குப் படையலிட்டு வணங்கிய வழக்கம் இதனோடு தொன்றுதொட்டு இணைந்துள்ளது. சுங் மரபினர் ஆண்ட காலத்திலே (960–1279) இது பெருவிழாவாக நிலைபெற்றது.

சீனமொழி வகுப்புகளில் ஆசிரியர்கள் இவ்விழாவை விரும்பிக் கொண்டாடுவதற்குத் தக்க காரணம் உண்டு. விழாவிலே காணும் பொருள் ஒவ்வொன்றும் ஒரு பாடமாகின்றது. இலையுதிர்காலத்தைக் குறிக்கும் எழுத்தை எடுத்துக்கொண்டால், அதன் இடப்பாதி தானியப் பயிரையும் வலப்பாதி தீயையும் குறிக்கும். நிலவைக் குறிக்கும் எழுத்தோ பிறைவடிவச் சித்திரத்திலிருந்து வளர்ந்தது. ‘யுவான்’ என்றால் வட்டம். ‘துவான்-யுவான்’ என்றால் பிரிந்த குடும்பத்தார் ஒன்றுகூடுதல். வட்ட நிலவின் கீழ் வட்டமான நிலாப் பணியாரத்தை வெட்டி, வீட்டார் அனைவரும் பகிர்ந்துண்ணும்போது, அச்சொல்லின் பொருளை அகராதி பார்த்து அறியவேண்டுவதில்லை. தாமரை விதை விழுதின் நடுவே வைக்கப்படும் உப்பிட்ட வாத்து முட்டையின் மஞ்சட்கருவும் நிலவையே நினைவூட்டுகின்றது. விளக்குக் கூடுகளில் ஒட்டிய விடுகதைகளுக்கு மாணவர் விடை தேடுவர். பெரும்பாலும் ஓர் எழுத்தே விடையாக அமைந்துவிடும்.

ஆயினும், ஒன்றுகூடலைப் போற்றும் இவ்விழாவில் மொழியே பிரிவுக்குக் காரணமாவதும் உண்டு. இதற்குச் சிங்கப்பூர் நல்ல சான்றாகும். அங்கு குடியேறிய சீனரின் இல்லங்களில் முன்னாளில் ஹொக்கியன், தியோச்சு, கன்டோனீஸ் முதலிய மொழிகளே வழங்கின. 1979ஆம் ஆண்டிலே பிரதமர் லீ குவான் யூ மாண்டரின் மொழி பேசும் இயக்கத்தைத் தொடக்கிவைத்தார். பல்வேறு பிரிவினரையும் ஒரு பொதுமொழியால் இணைப்பதே அதன் நோக்கம். 1980களின் தொடக்கத்தில் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஏனைய சீனமொழிகளின் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நிறுத்தப்பட்டன. 2020ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உடைய சிங்கப்பூர்வாசிகளுள் 48.3 வீதத்தினர் வீட்டில் மிகுதியாகப் பேசுவது ஆங்கிலமே. பொதுமொழி கிடைத்தது, ஆனால் பல வீடுகளில் பாட்டியின் பேச்சுப் பேரப்பிள்ளைக்கு எட்டாததாயிற்று.

இந்நிலையிலே நிலாப் பணியாரம் ஓர் அரிய உதவியைச் செய்யக்கூடும். மர அச்சிலே அழுத்தி எடுக்கும் அப்பணியாரத்தின் மீது சீன எழுத்துகள் பதிந்திருக்கும். நிலாப் பணியாரம் என்னும் சொல்லை வகுப்பிலே கற்ற சிறுமி ‘யுவே-பிங்’ என்று படிப்பாள். கன்டோனீஸ் பேசும் பாட்டி அதே எழுத்துகளை ‘யூட்-பெங்’ என்று படிப்பாள். ஒலி வேறு, எழுத்தும் பொருளும் ஒன்று. இவ்வாறு பேச்சினாற் பிரிந்தோரை எழுத்து ஓரளவு இணைத்து வைக்கின்றது.

எனினும் எழுத்து மட்டும் உறவாகிவிடாது. தாலாட்டும் பழமொழியும் பாட்டியின் நாவிலேயே வாழ்கின்றன. ஆகவே, வகுப்பறையில் விளக்கேற்றிப் பணியாரம் பங்கிட்டதோடு ஆசிரியரின் பணி நிறைவுறுவதில்லை. “இச்சொல்லை உங்கள் பாட்டி எவ்வாறு சொல்வார் என்று கேட்டு வாருங்கள்” என்று பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும் ஆசிரியரே விழாவின் உட்பொருளைக் கற்பித்தவராவார். கேட்கும் பிள்ளையும் சொல்லும் பாட்டியும் ஒரே நிலவின் கீழ் அமர்ந்து பேசத் தொடங்கும்போதுதான் ‘துவான்-யுவான்’ என்னும் சொல் முழுமை பெறுகின்றது.