தீப்பெட்டியில் வந்த வெள்ளரி

ஈப்போ மார்க்கெட்டில் வெள்ளரிக்காய் கேட்டால் பெரும்பாலும் இரண்டு வகைதான் கைக்கு வரும். ஒன்று, நாசி லெமாக் பொட்டலத்தில் இரண்டு வில்லையாக ஒட்டிக்கொண்டு வரும் சாதாரணப் பச்சைத் திமுன். மற்றொன்று, மெலிந்து நீண்டு, மேலெல்லாம் சுருக்கம் விழுந்த ஜப்பான் திமுன். வெள்ளரி என்றால் இவ்வளவுதான் என்று நம் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கண்ணில் படாத காயை யார் கேட்கப் போகிறார்கள்?

உண்மையில் வெள்ளரி நம் நாட்டுக் காய். நம் நாடு என்று நான் சொல்வது பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்த நாட்டை. இமயமலை அடிவாரத்தில் இன்றும் காட்டு வெள்ளரி படர்ந்து கிடக்கிறது. முட்டையைவிடச் சிறிய காய், வாயில் வைக்க முடியாத கசப்பு. அதிலிருந்து மனிதன் கசப்பைக் கழித்துக் கழித்து எடுத்ததுதான் இன்று உலகம் முழுவதும் தின்கிற வெள்ளரி. அது மஞ்சளாக, பழுப்பாக, வெள்ளையாக, உருண்டையாக, பாம்பு போல வளைந்ததாக என்று எத்தனையோ உருவத்தில் இருக்கிறது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இந்த வினோத வெள்ளரிகளைப் பயிரிட்டுப் பார்ப்பது எனக்கு ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டது. எங்கள் தாமான் ஒரு பழைய ஈய லம்பத்தின் மேல் கட்டப்பட்டது. மண்வெட்டி போட்டால் கடற்கரை மாதிரி வெள்ளை மணல்தான் வரும். கோழி எரு, தேங்காய் மஞ்சி, காய்ந்த இலை எல்லாம் போட்டு இரண்டு வருடம் பதப்படுத்திய பிறகுதான் அது மண் என்று சொல்லும்படி ஆனது. ஆனால் மணலில் ஒரு நன்மை உண்டு. பேராக்கில் அடிக்கிற மாலை மழைக்குத் தண்ணீர் தேங்காது. வெள்ளரி வேருக்குத் தண்ணீர் வேண்டும், ஆனால் நின்ற தண்ணீர் ஆகாது.

சென்ற ஆண்டு ஆறு வகை போடுவதாகத் திட்டம். அந்தச் சமயத்தில்தான் ஏழாவது ஒன்று தீப்பெட்டியில் வந்து சேர்ந்தது. அதைச் சொல்வதற்கு முன் தோட்டத்துக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். லயத்துக்குப் பின்னால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு துண்டு நிலம் இருக்கும். இது துரை மனமிரங்கிக் கொடுத்த தானம் அல்ல. தொழிலாளிகளுக்குப் பயிரிடச் சிறிதளவு நிலம் விட வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்திலேயே விதி இருந்தது. முருங்கை, கத்தரி, பாகல், அவரை, வேலியில் வெள்ளரி. விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால் எடுத்து, மருந்துச் சாராய வாடையோடு மதியம் திரும்பும் பெண்கள் பொழுது சாய அந்தத் துண்டு நிலத்தில் குனிந்து நிற்பார்கள். ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லாமல் மரவள்ளி தின்று உயிர் தப்பிய தலைமுறைக்கு அந்த நிலத்தின் அருமை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

எங்கள் லயத்து வெள்ளரி கட்டையாக, பருமனாக, வெளிர்பச்சை நிறத்தில் இருக்கும். பிஞ்சில் உப்பு, மிளகாய்த்தூள் தொட்டுத் தின்போம். பறிக்காமல் விட்டால் மஞ்சளாகி, பிறகு செங்கல் நிறமாகி, தோலில் வலை பின்னியது போல் கோடு விழும். அந்த முற்றல் காயைத் தோல் சீவி, விதை நீக்கி, நெத்திலிக் கருவாட்டோடு குழம்பு வைப்பார்கள். பூசணி மாதிரி குழையாது. கடித்தால் ஒரு புளிப்பு. அந்தப் புளிப்பை அதற்குப் பிறகு நான் எந்தக் கடைக் காயிலும் பார்க்கவில்லை.

பின்னர் நடந்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. சனங்கள் மலிவு விலை அடுக்குமாடிக்கும் தாமான்களுக்கும் போனார்கள். கோயிலை எங்கே வைப்பது, தமிழ்ப்பள்ளியை எங்கே மாற்றுவது என்றெல்லாம் கூட்டம் போட்டுப் பேசினோம். பேச வேண்டியதுதான். வேலியில் தொங்கிய வெள்ளரியைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் யாரும் பேசவில்லை.

ஒருவர் மட்டும் விதை எடுத்து வைத்திருந்தார். எங்கள் லயத்தில் கடைசி வீட்டு அத்தை. இப்போது எழுபத்தெட்டு வயது, மூன்றாவது மாடியில் மகன் வீட்டில் இருக்கிறார். தீபாவளிக்குப் பார்க்கப் போனபோது என் வெள்ளரிப் பைத்தியத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு, சாமி மேடைக்குக் கீழேயிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தார். உள்ளே சாம்பல். சாம்பலுக்குள் விதை. “தோட்டத்த விட்டு வந்தப்ப எடுத்தது தம்பி. இங்க எங்க போடறது? ஆறு வருசமாச்சு, மொளைக்குமோ என்னவோ” என்றார். வீட்டில் வந்து எண்ணினேன். இருபத்து மூன்று.

வெள்ளரி விதை காய்ந்த இடத்தில் இருந்தால் ஐந்து வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். நம் ஊர் ஈரக்காற்றில் அதற்குள்ளேயே போய்விடும். சாம்பல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால்தான் பழைய ஆட்கள் அதில் போட்டு வைத்தார்கள். பாதியை மறுபடி மூடி வைத்துவிட்டு, பன்னிரண்டை மட்டும் ஈரத்துணியில் சுற்றினேன். ஐந்து முளைத்தது. அதில் ஒன்றை முதல் வாரமே நத்தை தின்றது. நின்றது நான்கு கொடி.

இங்கேதான் ஒரு சிக்கல். வெள்ளரியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. மகரந்தத்தைத் தேனீ சுமக்கிறது. பக்கத்தில் வேறு வெள்ளரி இருந்தால் அதன் மகரந்தமும் வரும். அதனால் இந்த வருடக் காய் மாறாது, அதன் உள்ளே இருக்கும் விதை மாறிவிடும். அடுத்த வருடம் முளைப்பது லயத்து வெள்ளரியாகவும் இருக்காது, ஜப்பான் வெள்ளரியாகவும் இருக்காது. நான்கே கொடியை நம்பி நிற்கிற ஒரு காய்க்கு அது மெல்லச் சாவதற்குச் சமம்.

ஆனால் என் ஆறு வகையில் எல்லாமே உண்மையில் வெள்ளரி இல்லை. ஆர்மீனிய வெள்ளரி என்று உலகம் சொல்வது முலாம்பழத்துக்குச் சொந்தம். வடநாட்டில் கக்டி என்று விற்கிற வரிவரியான நீளக் காய் அது. வெள்ளரிக்கு 14 குரோமோசோம், முலாம்பழ வர்க்கத்துக்கு 24. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் படர்ந்தாலும் ஒன்றோடொன்று கலக்காது. தமிழ்நாட்டில் கோடையில் வெடித்து மாவு மாவாகப் பிளக்கும் வெள்ளரிப்பழமும் இந்த முலாம்பழக் கூட்டம்தான். பழுத்தால் தானாகக் காம்பிலிருந்து கழன்று விழும் குணம் அதற்கு உண்டு. மிருத்யுஞ்சய மந்திரத்தில் காம்பை விட்டு விடுபடும் பழம் என்று உவமை சொல்வது அதைத்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். சாதாரண வெள்ளரி அப்படி லேசில் கழலாது.

ஆகவே ஆர்மீனியனை வேலியின் அந்தப் பக்கம் தைரியமாக விட்டேன். மெக்சிகோவிலிருந்து வந்த எலி வெள்ளரியும் வேறு இனம், கவலையில்லை. மற்ற நான்கும் அசல் வெள்ளரி என்பதால் லயத்துக் கொடியில் பூக்கட்டு வேலை தொடங்கியது. மாலையில் மஞ்சள் தெரியத் தொடங்கிய மொட்டைப் பார்த்து, மறுநாள் விரியப் போகும் பெண் மொட்டையும் இரண்டு ஆண் மொட்டையும் நூலால் லேசாகக் கட்டிவிட வேண்டும். பெண் மொட்டுக்கு அடியில் குட்டி வெள்ளரி ஒட்டியிருக்கும், அடையாளம் சுலபம். காலை எட்டு மணிக்கு அவிழ்த்து, ஆண் பூவின் இதழைக் கிள்ளி எறிந்துவிட்டு, நடுவில் இருப்பதைப் பெண் பூவில் தடவி, மறுபடி கட்டிவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் வெயிலில் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். ஒரு கொடியின் ஆண் பூவை இன்னொரு கொடியின் பெண் பூவுக்கு மாற்றினேன். நான்கே கொடியில் இதைவிட அதிகக் கலப்பு தர முடியாது.

இனி விருந்தாளிகள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று பார்ப்போம்.

ஜப்பான் வெள்ளரி சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை. விதை போட்ட நாற்பதாம் நாள் காய். கசப்பில்லை. ஆனால் கடையில் விற்பது பெரும்பாலும் ஒட்டு விதை, அதில் விதை எடுத்துப் போட்டால் தாய் மாதிரி வராது. ஒவ்வொரு தடவையும் பாக்கெட் வாங்க வேண்டும்.

எலுமிச்சை வெள்ளரி பார்க்க அழகு. மஞ்சள் உருண்டை, டென்னிஸ் பந்து அளவு. பேரப்பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். ஆனால் அக்டோபர் மழை தொடங்கியதும் இலையில் மூலை மூலையாக மஞ்சள் புள்ளி விழுந்து, அடிப்பக்கம் சாம்பல் பூத்து, பத்தே நாளில் கொடி கருகியது. அடிச்சாம்பல் நோய். இந்த ஊரில் வெள்ளரியைக் கொல்வது வெயில் இல்லை, இரவெல்லாம் ஈரமாக இருக்கும் இலைதான். ஜனவரி, பிப்ரவரியிலோ ஜூன், ஜூலையிலோ போட்டால் ஓரளவு தப்பும். கொடியைத் தரையில் விடாமல் வலையில் ஏற்றிக் காற்றோட்டம் கொடுக்க வேண்டும். தண்ணீரைக் காலையில் வேருக்கு மட்டும் ஊற்ற வேண்டும்.

ஆர்மீனியன் வெயிலைக் கண்டால் துள்ளுகிறான். கை நீளக் காய், தோல் சீவ வேண்டாம். ருசி என்று பெரிதாக ஒன்றுமில்லை, மழை பெய்த மறுநாள் பச்சைத் தண்ணீர் குடித்த மாதிரி இருக்கும். தயிரில் போட்டால் பரவாயில்லை. எலி வெள்ளரி திராட்சை அளவு, தர்ப்பூசணி போல வரி. வேலி முழுதும் படர்ந்து இரண்டு கை அள்ளும் அளவு காய்த்தது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பூனா கீரா என்னை ஆச்சரியப்படுத்தியது. மகாராஷ்டிரப் பக்கத்துக் காய். வெள்ளையாகத் தொடங்கி, பொன்னிறமாகி, உருளைக்கிழங்குத் தோல் நிறத்துக்கு வரும். எந்தப் பருவத்திலும் தோலோடு தின்னலாம். பிஞ்சில் மட்டுமல்ல, முற்றியும் இனிப்பு. மழையைக் கொஞ்சம் தாங்கியது. வீட்டில் ஒரே ஒரு வகை போட இடமிருப்பவர்கள் இதைத் தேடிப் பாருங்கள்.

சிக்கிம் வெள்ளரிக்கும் பேராக்குக்கும் ஒரு மறைமுக உறவு இருக்கிறது. பழுப்புத் தோலில் வலை விழுந்த இந்தக் காயை இமயமலைப் பயணத்தில் பார்த்து, 1876-ல் தாவரவியல் இதழில் எழுதி உலகுக்குச் சொன்னவர் ஜோசப் ஹூக்கர். அப்போது அவர் லண்டன் கியூ தோட்டத்தின் இயக்குநர். அதே 1876-ல்தான் விக்ஹாம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த சுமார் 70,000 ரப்பர் விதைகள் கியூவுக்கு வந்து இறங்கின. முளைத்தது ஏறக்குறைய 2,700. மறு வருடம் சிங்கப்பூருக்கு வந்தவை 22 கன்றுகள். அவற்றில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன, ஒரு மரம் இன்றும் நிற்கிறது. நம்மை இங்கே கொண்டுவந்து சேர்த்த மரமும் இந்த வெள்ளரியும் ஒரே ஆளின் மேசையைக் கடந்தவை. என் தோட்டத்தில் சிக்கிம் கொடி இலையாகவே வளர்ந்து, கடைசியில் ஒரே ஒரு காய் கொடுத்தது. ஒரு கிலோவுக்கு மேல் எடை. குழம்புக்கு நன்றாக இருந்தது.

எல்லாக் கொடிக்கும் பொது எதிரி பழ ஈ. பிஞ்சில் ஊசி குத்தியது போல் முட்டை வைத்துவிட்டுப் போகும், காய் கோணி அழுகும். மருந்து அடிப்பதைவிடப் பை கட்டுவது மேல். பூ வாடி விழுந்த உடனே பழைய நாளிதழைக் கூம்பாகச் சுருட்டிப் பிஞ்சுக்குப் போர்த்தி விடுங்கள். இந்த ஞாயிறு மலரும் படித்து முடித்த பிறகு உதவும், ஆசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கசப்பைப் பற்றி ஒரு வார்த்தை. காம்புப் பக்கம் நறுக்கி, அந்தத் துண்டாலேயே வட்டமாகத் தேய்த்து நுரை எடுப்பது நம் வீடுகளில் வழக்கம். கசப்புப் பொருள் காம்புப் பக்கமும் தோலை ஒட்டியும்தான் அதிகம். ஆகவே நறுக்கி எறிவதில் பலன் இருக்கிறது. தேய்ப்பது ஒரு திருப்திக்கு. கொடி தண்ணீருக்குத் தவித்தால் கசப்பு கூடும் என்பதால் வேரில் காய்ந்த புல் மூடாக்குப் போடுவது முக்கியம்.

லயத்து வெள்ளரி நான்கு கொடியில் கட்டிய பூ பதினொன்று, பிடித்தது ஆறு. அதில் இரண்டு ஈக்குப் போனது. நான்கு காயைக் கொடியிலேயே விட்டேன். கட்டாத பூக்களில் வந்த காயைத்தான் பறித்துத் தின்றோம். மஞ்சளாகி, செங்கல் நிறமாகி, வலை விழுந்தது. நாற்பது நாளுக்கு மேல் காத்திருந்து பறித்து, இன்னும் ஒரு வாரம் நிழலில் வைத்து, விதையைக் கூழோடு மூன்று நாள் புளிக்க விட்டுக் கழுவினேன். மிதந்ததைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதை மட்டும் நிழலில் உலர்த்தினேன்.

கட்டாத பூவில் முற்றிய காய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் போனேன். அத்தை காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மருமகளிடம் நெத்திலி இருக்கிறதா என்று கேட்டார். குழம்பு இறங்கியதும் ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றார். “காய் நம்ம காய்தான். புளி கொஞ்சம் பத்தல” என்றார்.

இப்போது என்னிடம் இருப்பது முந்நூற்றுச் சொச்சம் விதை. ஒரு பங்கு அத்தைக்கே, புதுத் தீப்பெட்டியில். ஒரு பங்கு வெவ்வேறு ஊரில் இருக்கும் நான்கு பேருக்கு. ஒரே வேலியில் இருந்தால் ஒரே வெள்ளத்தில் போய்விடும். செர்டாங்கில் மார்டி நிலையத்தின் விதை வங்கிக்கும் எழுதிக் கேட்கலாம் என்றிருக்கிறேன்.

இந்தியா போகிறவர்கள் ஆசையில் விதையைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். 1976-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டப்படி அதற்கு அனுமதி வேண்டும், நோயும் விதையோடு கூட வரும். அதைவிட, இங்கேயே தேடுங்கள். தோட்டத்தை விட்டு வந்த பெரியவர்கள் வீட்டில் அஞ்சறைப் பெட்டியின் அடியில், சாமி மேடையில், பழைய மைலோ டின்னில் ஏதாவது முடிச்சு இருக்கும். கேட்டுப் பாருங்கள். எனக்கு அடுத்தபடி வேண்டியது லயத்து வேலியில் படர்ந்த அந்தக் குட்டிப் பாகல். யாரிடமாவது இருந்தால் பத்து விதை போதும்.