எண்ணில் இருக்கிறதா ருசி?

மூன்று சின்னக் கோப்பைகள். மூன்றிலும் தண்ணீர் போலத் தெளிந்த திரவம். ஜப்பானின் யமாகுச்சி மாகாணத்து மலைப்பகுதியில் தயாராகும் தஸ்ஸாய் என்ற அரிசி மதுவைச் சுவைத்துப் பார்க்க உட்காருபவர்கள் முதலில் பார்ப்பது லேபிளைத்தான். அதில் இருப்பவை எண்கள்: 45, 39, 23.

போதையின் அளவு என்று நினைத்தால் ஏமாற வேண்டியதுதான். தீட்டிய பிறகு அரிசியில் எத்தனை சதவீதம் மிஞ்சுகிறது என்பதற்கான கணக்கு அது. மணியின் மேல்பகுதியில் உள்ள கொழுப்பும் புரதமும் ருசியைக் கெடுக்கும் என்பதால் யமதா நிஷிகி ரக அரிசியை நாள்கணக்கில் தீட்டுகிறார்கள். 23 என்றால் 77 சதவீதம் மாவாக உதிர்ந்துவிட்டது என்று பொருள். மிச்சத்தில் கோஜி என்ற பூஞ்சை மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க, ஈஸ்ட் அதை மதுவாக்குகிறது.

குளிரவைத்து, 45இல் தொடங்குவது நல்லது. பழவாசனைக்கு அடியில் சோற்றின் கனம் நாக்கில் தெரியும். 39இல் அந்தக் கனம் குறைகிறது. 23 தேனாக இனித்து, சிரமமில்லாமல் தொண்டையில் இறங்குகிறது. விலை மட்டும் எதிர்த்திசையில் ஏறுகிறது. ஆனால் சாப்பாட்டோடு குடிக்க 45தான் பொருத்தம் என்பவர்களும் உண்டு.

இந்த ஆடம்பரம் பிறந்தது நெருக்கடியில். ஹிரோஷி சகுராய் 1984இல் பொறுப்பேற்றபோது அசாஹி ஷுசோ நொடித்துக்கொண்டிருந்த சிறு ஆலை. 1990இல் தஸ்ஸாய் வந்தது. 1999இல் தொடங்கிய பீர் உணவகம் பெரும் நஷ்டத்தில் முடிய, மது வடிக்கும் தலைமைக் கைவினைஞர் விலகிப்போனார். சகுராய் வேறு ஆள் தேடவில்லை. இளம் ஊழியர்களைக் கொண்டு, வெப்பமானியையும் அளவுக் குறிப்புகளையும் நம்பி வேலையைத் தொடர்ந்தார். குளிர்காலத் தொழிலாக இருந்தது, குளிரூட்டிய அறைகளில் வருடம் முழுவதும் நடக்கத் தொடங்கியது.

அந்தக் கணக்கும் ஒருமுறை தப்பியது. 2018 ஜூலை வெள்ளத்தில் மின்சாரம் போய், நொதித்துக்கொண்டிருந்த தொட்டிகளின் வெப்பநிலை கைமீறியது. குடிக்கலாம், ஆனால் தஸ்ஸாய் என்ற தரத்துக்கு உறுதி சொல்ல முடியாது. கொட்டிவிடுவதா? அதே பகுதியில் பிறந்த சித்திரக்கதை ஓவியர் கென்ஷி ஹிரோகானே கைகொடுத்தார். அவருடைய புகழ்பெற்ற நாயகன் ஷிமா கோசாகுவின் படத்தோடு சுமார் 6.5 லட்சம் புட்டிகள் கடைக்கு வந்தன. விலை 1,200 யென். அதில் 200 யென் வெள்ள நிவாரணத்துக்கு.

உசத்தியான ரகமா, சாதாரண ரகமா, உள்ளே இருப்பது எது என்று சொல்லும் எண் அந்தப் புட்டிகளில் இல்லை. வாங்கியவர்கள் நாக்கை மட்டும் நம்ப வேண்டியிருந்தது.