தலைக்கு மேல் புளூட்டோனியம்!

ஸ்பெயின் நாட்டின் தென்கிழக்குக் கடற்கரையில் பாலோமரெஸ் என்று ஒரு கிராமம். தக்காளிதான் விசேஷம். 1966 ஜனவரி 17, திங்கட்கிழமை காலை பத்தரை மணி சுமாருக்கு அங்கே வானத்திலிருந்து நான்கு ஹைட்ரஜன் குண்டுகள் விழுந்தன.

யாரும் போடவில்லை. தவறி விழுந்தன!

அமெரிக்காவும் ரஷ்யாவும் ஒன்றையொன்று முறைத்துக் கொண்டிருந்த காலம் அது. சண்டை வந்தால் நேரத்தை வீணாக்கக் கூடாதே என்று அமெரிக்காவின் பி-52 விமானங்கள் குண்டுகளைச் சுமந்தபடி வானத்திலேயே சுற்றிக் கொண்டிருக்கும். எரிபொருள் குறைந்தால் இறங்காது. இன்னொரு விமானம் பக்கத்தில் வந்து, பறந்தபடியே ஊற்றிவிட்டுப் போகும். அன்றைக்கு 31,000 அடி உயரத்தில் ஊற்ற வந்ததும் வாங்க வந்ததும் மோதிக் கொண்டன. இரண்டிலும் சேர்த்து இருந்த பதினொரு பேரில் ஏழு பேர் காலி. மூன்று குண்டுகள் ஊரைச் சுற்றி விழ, நான்காவது கடலுக்குள் போயிற்று.

ஒவ்வொன்றும் ஹிரோஷிமா குண்டைப் போல எழுபது மடங்காவது சக்தி உள்ளது. நல்லவேளை, அணு வெடிப்பு நிகழவில்லை. குண்டுக்குள் இருக்கும் சாதாரண வெடிமருந்து எல்லாப் பக்கமும் ஒரே கணத்தில் வெடித்து, புளூட்டோனியத்தைச் சமமாக நசுக்கினால்தான் அது நடக்கும். கீழே மோதியதில் இரண்டு குண்டுகளின் வெடிமருந்து கோணல்மாணலாக வெடித்து, புளூட்டோனியத்தைப் பொடியாக்கித் தக்காளித் தோட்டங்களில் தூவிவிட்டது. தரையில் ஒருவருக்கும் உயிர்ச் சேதமில்லை.

புளூட்டோனியம் ஒரு விசித்திரமான சரக்கு. அதன் கதிரை ஒரு காகிதம் தடுத்துவிடும். ஆனால் தூசியாக மூச்சில் போய் நுரையீரலில் உட்கார்ந்துகொண்டால் புற்றுநோயில் கொண்டு விடும். வீரியம் பாதியாகக் குறைய 24,000 வருஷம் ஆகும்.

இனிமேல்தான் சர்க்கார்களின் கூத்து. முதல் சில வாரங்களுக்குக் கடலில் ஒரு குண்டு காணாமல் போனதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆனால் ஊருக்கே தெரியும்! பிரான்சிஸ்கோ சிமோ என்ற மீனவர் அது விழுந்ததைக் கண்ணால் பார்த்து, இடத்தையும் காட்டினார். கப்பல்கள், நீர்மூழ்கிகள், கணித மேதைகள் எல்லாம் சேர்ந்து தேடி, 80-வது நாள் அதை வெளியே எடுத்தார்கள். சிமோவுக்கு 'குண்டு பாக்கோ' என்கிற மாதிரி பட்டப் பெயரே வந்துவிட்டது. மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. காட்டிக் கொடுத்ததற்குக் கூலி கேட்டு வக்கீல் வைத்தார்.

நடுவில் மார்ச் 8-ஆம் தேதி, ஸ்பெயினின் சுற்றுலா மந்திரி ஃப்ராகாவும் அமெரிக்கத் தூதர் ட்யூக்கும் நீச்சல் உடையில் கடலில் இறங்கினார்கள். 'பாருங்கள், தண்ணீர் சுத்தம்' என்று போட்டோவுக்குக் குளியல். புளூட்டோனியம் கொட்டியதோ தோட்டத்து மண்ணில்! மண்ணில் யாரும் உருண்டு காட்டியதாகத் தகவல் இல்லை.

சுமார் 1,400 டன் மண்ணையும் செடிகொடிகளையும் பீப்பாய்களில் அடைத்து அமெரிக்காவுக்கு எடுத்துப் போனார்கள். மீதி? அங்கேயே. நாற்பது வருஷம் கழித்தும் சில நிலங்களுக்கு வேலி போட்டு 'உள்ளே வராதே' என்றார்கள். 2015-ல் அமெரிக்க வெளியுறவு மந்திரி ஜான் கெர்ரி, மிச்ச மண்ணையும் அகற்றுவது பற்றி ஸ்பெயினோடு ஓர் உத்தேசப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். விபத்துக்கும் கையெழுத்துக்கும் இடையே 49 வருஷம். அதுவும் யாரையும் கட்டுப்படுத்தாத பத்திரம்.

* * *

பாலோமரெஸ் நடந்து இரண்டே வருஷத்தில் இன்னொன்று. 1968 ஜனவரி 21. டென்மார்க்குக்குச் சொந்தமான கிரீன்லாந்தில், தூலே என்ற அமெரிக்க விமானதளத்தின் அருகே. இந்த முறை காரணம் மெத்தை. ஆமாம் ஸார், உட்காரும் மெத்தை! சௌகரியத்துக்காகக் கொண்டு வந்த ரப்பர் நுரை மெத்தைகளை ஒரு ஸீட்டின் கீழே செருகினார்கள். பக்கத்தில் ஹீட்டரின் வாய். தீப்பிடித்தது. ஏழு பேரில் ஆறு பேர் தப்பித்தார்கள். விமானம் நான்கு ஹைட்ரஜன் குண்டுகளுடன் உறைந்த கடல் மேல் விழுந்து, பனியெல்லாம் புளூட்டோனியம்.

தன் மண்ணில் அணு ஆயுதமே கூடாது என்பது டென்மார்க்கின் கொள்கை. 1957-லேயே அதன் பிரதமர் அமெரிக்காவுக்கு ரகசியமாகத் தலையாட்டியிருந்தது 1995-ல்தான் வெளியே வந்தது. அதே வருஷம், சுத்தம் செய்த நாட்களில் தளத்தில் இருந்த சுமார் 1,700 தொழிலாளர்களுக்குத் தலைக்கு 50,000 குரோனர் கொடுத்தார்கள்.

தூலேக்குப் பிறகு, குண்டோடு வானில் சுற்றும் வழக்கம் நின்றது. இரண்டு தடவை விழுந்த பிறகு!

* * *

'ராணுவம் என்றால் அப்படித்தான்' என்று விட்டுவிட முடியாது. எழுபதுகளில் அணுசக்தி வியாபாரத்துக்காக, நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம் வழியாகவும் புளூட்டோனியம் பறந்து கொண்டிருந்தது. கீழே கோடி ஜனம். நியூயார்க் மாநிலமே கோர்ட்டுக்குப் போயிற்று. ஜேம்ஸ் ஷூயர் என்ற காங்கிரஸ் உறுப்பினர் 1975-ல் ஒரு சட்டத் திருத்தம் கொண்டு வந்தார். உயரத்தில் பறக்கும் விமானம் விழுந்து நொறுங்கினாலும் உடையாத பெட்டி என்று சோதித்துக் காட்டும் வரை, விமானத்தில் புளூட்டோனியம் அனுப்ப லைசென்ஸ் கிடையாது. விலக்கு ஒன்றே ஒன்று, தனி மனிதருக்கான மருத்துவக் கருவி. அப்போது புளூட்டோனியம் பேட்டரியில் ஓடும் பேஸ்மேக்கர்கள் உண்டு. இதயத்தைக் கழற்றி வைத்துவிட்டு விமானம் ஏறச் சொல்ல முடியுமா?

என்னைக் கேட்டால், இந்த முழு விவகாரத்திலும் சர்க்கார் சர்க்காராக நடந்துகொண்ட இடம் இதுதான். 'பயப்படாதீர்கள்' என்று சொல்லவில்லை. 'நிரூபி, அப்புறம் பற' என்றது.

அது எவ்வளவு பெரிய கேள்வி என்று கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். லாரியிலும் ரயிலிலும் போகும் வழக்கமான பலமான அணுப் பெட்டியை ஒன்பது மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டுச் சோதிப்பார்கள். தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 48 கிலோமீட்டர். நம் டவுன் பஸ் வேகம். விமானம் அந்த வேகத்திலா விழும்? புதிய சட்டத்துக்காகச் செய்த பெட்டியை மணிக்கு சுமார் 460 கிலோமீட்டர் வேகத்தில் மோத விட்டார்கள். அதே பெட்டியை நசுக்கினார்கள், குத்தினார்கள், கிழித்தார்கள், விமான எரிபொருளில் ஒரு மணி நேரம் எரித்தார்கள், தண்ணீரில் போட்டார்கள். தாக்குப்பிடித்தது. 1978-ல் அனுமதி. பெட்டியின் எடை சுமார் 225 கிலோ. உள்ளே வைக்க முடிந்தது 2 கிலோ!

எண்பதுகளில் ஜப்பான், ஐரோப்பாவிலிருந்து தன் புளூட்டோனியத்தை வட துருவம் வழியாக விமானத்தில் கொண்டுவர நினைத்தது. வழியில் அலாஸ்கா. அந்த மாநிலத்து செனட்டர் முர்கோவ்ஸ்கி 1987-ல் இன்னொரு முடிச்சுப் போட்டார். பெட்டிகளை ஏற்றிய நிஜ விமானத்தையே விழ வைத்துச் சோதிக்க வேண்டும்! ஜப்பான் யோசித்தது. 1992 நவம்பரில் 'அகாட்சுகி மாரு' என்ற கப்பல் ஃபிரான்ஸிலிருந்து புறப்பட்டு, காவல் கப்பல் துணையோடு 1993 ஜனவரியில் ஜப்பான் போய்ச் சேர்ந்தது. கடலிலும் ஆபத்து உண்டுதான். ஆனால் தலையில் விழாது.

சட்டம் இருந்தால் போதுமா என்றால், போதாது. ராணுவ விமானங்களை இந்தச் சட்டம் தொடாது. 2007 ஆகஸ்டில் மைனாட் என்ற அமெரிக்கத் தளத்திலிருந்து டம்மி ஏவுகணைகள் என்று நினைத்து, அசல் அணு ஆயுதம் பொருத்திய ஆறு ஏவுகணைகளை ஒரு பி-52-ல் மாட்டி, நாட்டின் மறுகோடிக்கு அனுப்பினார்கள். முப்பத்தாறு மணி நேரம் யாரும் தேடவில்லை. தொலைந்ததே தெரியாது! அதற்கு முந்தைய வருஷம், ஹெலிகாப்டர் பேட்டரி கேட்ட தைவானுக்கு அணு ஏவுகணையின் மூக்குப் பகுதிப் பாகங்கள் போய்ச் சேர்ந்தன. நம் ஆபீஸ் டெஸ்பாட்ச் செக்‌ஷனை இனிமேல் திட்டாதீர்கள். இந்த இரண்டும் சேர்ந்து 2008-ல் விமானப்படைச் செயலருக்கும் தளபதிக்கும் வேலை போயிற்று. கீழே நாலு குமாஸ்தாக்களோடு நிறுத்தாமல் மேலே கை வைத்தார்களே, அதைப் பாராட்டலாம்.

* * *

'அப்படியானால் விமானத்தில் கதிரியக்கப் பொருளே போகக் கூடாதா?' என்று கேட்பீர்கள். போக வேண்டும். தைராய்டு சிகிச்சைக்கான அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகிவிடும். ஸ்கேனுக்கு வேண்டிய டெக்னீஷியத்தைத் தரும் மாலிப்டினத்துக்கு 66 மணி நேரம்தான். லாரியில் ஆடி அசைந்து வந்தால் நோயாளிக்குக் காலி டப்பாதான் மிஞ்சும். அதனால் மருந்து ஐசோடோப்புகள் பயணிகள் விமானத்திலேயே, மூன்று இதழ் முத்திரை போட்ட பெட்டிகளில் வருகின்றன. இந்தியாவில் இதற்கான விதிகளை மேற்பார்வை பார்ப்பது 1983-ல் அமைத்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். இந்தச் சின்னப் பெட்டிகள் விமான விபத்தைத் தாங்காதவைதான். ஆகவே உடைந்தாலும் பெரிய கேடு வராத அளவுதான் உள்ளே வைக்கலாம் என்பது விதி. அளவு கூடினால் பெட்டியும் பலமாக வேண்டும். எளிமையான கணக்கு.

1996-ல் சர்வதேச அணுசக்தி முகமையும் விமானத்துக்கென்றே தனி ரகப் பெட்டியை விதித்தது. மணிக்கு 324 கிலோமீட்டர் வேகத்தில் மோதினாலும், ஒரு மணி நேரம் தீயில் கிடந்தாலும் தாங்க வேண்டும். அமெரிக்கா கேட்டதைவிடக் கொஞ்சம் இளகிய மனசு!

விமானத்தில் போகிறவருக்குத் தான் என்ன சுமக்கிறோம் என்று தெரியும். ராணுவக்காரர் என்றால் பாராசூட்டும் உண்டு. கீழே தக்காளிக்குத் தண்ணீர் பாய்ச்சிக் கொண்டிருக்கிறவருக்கு மேலே என்ன போகிறது என்று தெரியாது. அவரிடம் யாரும் அனுமதி கேட்கவும் இல்லை. அவருக்காகக் கேள்வி கேட்க இருப்பது ஒரு சர்க்கார் மட்டும்தான். அது விமானம் கிளம்புவதற்கு முன்னால் கேட்க வேண்டும்.

விழுந்த பிறகு குளிப்பதில் பிரயோஜனமில்லை.