வெல்லமும் சர்க்கரையே: வீட்டில் தயாரிக்கும் கிரனோலா

வறுத்த தானியங்களையும் கொட்டைப் பருப்புகளையும் இனிப்புடன் கலந்து, பாலுடனோ தயிருடனோ உண்ணும் உணவு கிரனோலா எனப்படுகிறது. மும்பையில் மாதுங்கா, செம்பூர் போன்ற பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களும் இதனை அறியும். இதன் முன்னோடி அமெரிக்காவில் தோன்றியது. 1863-ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தின் டான்ஸ்வில் என்னும் ஊரில் சுகாதார விடுதி நடத்திவந்த டாக்டர் ஜேம்ஸ் காலேப் ஜாக்சன், முழுக் கோதுமை மாவைச் சுட்டு, உடைத்து, மீண்டும் சுட்டு, 'கிரானுலா' என்ற உணவைத் தயாரித்தார்.

இம்முறை நமக்குப் புதிதன்று. பொருள்விளங்கா உருண்டையும், 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயும், தாராவியின் சிறு தொழிற்கூடங்களில் தயாராகும் சிக்கியும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

இயற்கை இனிப்பு என்பது யாது?

வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாக வெல்லமோ தேனோ சேர்த்தால் தீங்கில்லை என்று பலர் கருதுகின்றனர். நீரிழிவு நோயுள்ள குடும்பங்களில் இக்கருத்து ஆபத்தானது. வெல்லத்தின் எடையில் பெரும்பகுதி சர்க்கரையே. தேனில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை. வெல்லத்தில் சிறிதளவு இரும்பு முதலிய தாதுப்பொருள்கள் உண்டு. ஆனால் நாம் உண்ணத்தக்க சிறு அளவில் அவற்றால் பெறும் பயன் அற்பமே.

உலக சுகாதார நிறுவனம் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிவுரை, உணவில் சேர்க்கும் சர்க்கரையோடு தேன், பாகு, பழரசம் ஆகியவற்றின் சர்க்கரையையும் ஒரே கணக்கில் வைக்கிறது. இவை நாளொன்றின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டலாகாது. 5 சதவீதத்திற்குள் அடங்குதல் மேலும் நன்று. 2,000 கலோரி உண்பவருக்கு 5 சதவீதம் என்பது 25 கிராம் சர்க்கரை. முழுப் பேரீச்சம்பழம் இக்கணக்கில் சேராது. அதன் இனிப்போடு நார்ச்சத்தும் உண்டு. ஆயினும் நீரிழிவு நோயாளர் அதனையும் அளவோடு உண்ண வேண்டும்.

எனவே கவனிக்க வேண்டுவது இனிப்பின் பெயரன்று, அளவேயாகும். கடலையும் வெல்லமும் சம எடையாகச் சேர்ந்த மிட்டாய் 40 கிராமில் 20 கிராம் வெல்லம் இருக்கிறது. கட்டியாகப் பிணைக்க அவ்வளவு பாகு தேவைப்படுகிறது. உதிரியாக உண்ணும் கிரனோலாவிற்கு அது தேவையில்லை.

செய்முறை

இதற்கு அடுப்புப் பெட்டி இன்றியமையாததன்று. ஒற்றை அடுப்பும் இரும்புச் சட்டியும் போதும். கெட்டி அவல் அல்லது ஓட்ஸ் 300 கிராம், வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 100 கிராம், பொட்டுக்கடலை 75 கிராம், எள் 25 கிராம் எடுத்துக்கொள்க. அவலையும் எள்ளையும் தனித்தனியே மொறுமொறுப்பாக வறுக்கவும். 60 கிராம் வெல்லத்தை மூன்று மேசைக்கரண்டி நீரில் கரைத்து, மண் நீங்க வடிகட்டி, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் சேர்த்துக் கொதிக்கவிடுக. இதில் தானியங்களைக் கொட்டி, ஈரம் வற்றும்வரை சிறு தீயில் கிளறவும். இக்கலவையின் 40 கிராமில் ஏறத்தாழ 4 கிராம் வெல்லமே இருக்கும்.

சூடாக இருக்கையில் கலவை மிருதுவாகத் தோன்றும். ஆறிய பின்னரே பாகு இறுகி மொறுமொறுப்புத் தரும். இதனை அறியாது மேலும் வறுத்தால் கருகிக் கசக்கும். தேன் சேர்ப்பதாயின் அடுப்பிலிருந்து இறக்கிய பின் சேர்க்கலாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் எவ்வடிவிலும் கொடுக்கலாகாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துக்கள் நஞ்சு உண்டாக்கும்.

மழைக்காலப் பாதுகாப்பு

வெல்லம் காற்றிலுள்ள ஈரத்தை எளிதில் ஈர்க்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள மும்பையின் மழைக்காலத்தில், திறந்து வைத்த கலவை விரைவில் பிசுபிசுக்கும். கடலையிலும் எள்ளிலும் உள்ள கொழுப்பு, பிராணவாயுவோடு சேர்ந்து நாளடைவில் சிக்கு வாடை தரும். ஆகவே முற்றிலும் ஆறவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் இட்டு, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். ஒரு வாரத்திற்குப் போதுமான அளவே தயாரித்தல் நலம்.

இவ்வுணவில் உடலுக்கு ஊட்டம் தருவன தானியமும் பருப்புமே. இனிப்பு சுவைக்கு மட்டுமே சேர்க்கப்படுவது என்பதை நினைவிற்கொண்டால், அதன் அளவு தானே குறையும்.