கம்பியில்லா வேகத்தை அளக்குமாறு

கம்பியில்லாக் கருவியின் வேகம் செகண்டுக்கு 11 மெகாபிட் என்று குறிக்கப்பட்டிருப்பின், அவ்வளவும் மறுமுனையைச் சேரும் என்று நாம் கொள்ளலாகாது. குறித்த வேகம் வேறு. சேரும் வேகம் வேறு.

தேவாரத்தை அடுத்த போடிநாயக்கனூர் முதலிய ஊர்களின் கண் பரிசோதனை நிலையங்களைத் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையோடு, பெர்க்கிலிப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2006-ஆம் ஆண்டளவில் வைஃபை வழியாக இணைத்தனர். ஊரிலிருக்கும் நோயாளியைத் தேனி மருத்துவர் திரையிற் கண்டு பேசவேண்டும். படம் தடைப்படின் பயன் யாது?

வைஃபைக் கருவி தான் அனுப்பும் ஒவ்வொரு பொதிக்கும் 'பெற்றேன்' என்னும் விடையை எதிர்நோக்கும். வானொலி அலை 15 கிலோமீட்டர் சென்று மீளச் செகண்டில் பதினாயிரத்தில் ஒரு பங்கு ஆகும். அருகிருந்து பேசவே அமைந்த கருவி அத்துணைத் தாமதத்தையும் பொறாது. பொதி தொலைந்ததெனக் கருதி மீண்டும் அனுப்பும். ஆதலின் ஆய்வாளர், பல பொதிகட்கு ஒரே விடை என்றும், இருமுனையும் முறைவைத்துப் பேசுக என்றும் வகுத்தனர். வேகம் 2 முதல் 5 மடங்கு உயர்ந்ததென அவர்தம் 2007-ஆம் ஆண்டுக் கட்டுரை கூறும்.

அளக்கும் முறை எளிது. 1 மெகாபைட் கோப்பு, அதாவது 8 மெகாபிட், பிழையின்றிச் சேர 4 செகண்டாயின் வேகம் 2 மெகாபிட். மீண்டும் அனுப்பியவற்றைக் கணக்கிற் சேர்த்தலாகாது. மருத்துவர் கண்ணுக்கு எட்டியதே கணக்கு.