தானியத் தாயின் பெயர்

போன மாதம் மம்சாபுரத்தில் என் தோட்டத்துக்கு ஒரு தம்பி வந்திருந்தார். இயற்கை விவசாயத்துக்குப் புதுசு. பயிர்க்கடன் படிவத்தைக் காட்டி, "சார், இதுல 'சீரியல்ஸ்'னு போட்டிருக்கே, டிவி சீரியல் இல்லைன்னு தெரியுது. தானியத்துக்கு ஏன் இந்தப் பேரு?" என்று கேட்டார். வங்கியில் இருந்த காலமெல்லாம் அந்தச் சொல்லை எழுதிய எனக்கே சட்டென்று பதில் வரவில்லை. தேடிப் படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

பழைய ரோமானியர்களின் தானியத் தெய்வம் சீரிஸ். 'வளர்தல்' என்று பொருள்படும் வேரிலிருந்து வந்த பெயர் என்கிறார்கள் மொழி ஆய்வாளர்கள். சீரிஸுக்கு உரியது சீரியல். நெல், கோதுமை, மக்காச்சோளம், கம்பு, கேழ்வரகு என்று புல் குடும்பத்துத் தானியங்கள் எல்லாம் இதில் அடக்கம். உளுந்தும் துவரையும் சேராது. அவை பயறு வகை.

ரோம் நகரத்து அவென்டைன் குன்றில் இருந்த அவள் கோயில், சாதாரணக் குடிமக்களின் கோயில். ஏப்ரல் மாதம் திருவிழா நடக்கும். நம்ம ஊரில் மாரியம்மனுக்கு முளைப்பாரி எடுக்கிற பெண்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பிற்காலத்தில் 1801-இல் கண்டுபிடித்த ஒரு குறுங்கோளுக்கு அவள் பெயரை வைத்தார்கள். அந்தக் கோளை வைத்து ஒரு தனிமத்துக்கும் 'சீரியம்' என்று பெயர் வந்தது.

இனி நம்ம கதைக்கு வருகிறேன். எங்கள் படிவங்களில் கம்பு, சோளம், கேழ்வரகு எல்லாம் 'கோர்ஸ் சீரியல்ஸ்', அதாவது முரட்டுத் தானியம். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் சிலதை மட்டும் முரடு என்று ஒதுக்கிய பெயர். மானாவாரிக் கம்புக்காரர் கடன் கேட்டு வந்தால் நானும் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்த்திருக்கிறேன். 2018 ஏப்ரலில் மத்திய அரசு அவற்றை 'நியூட்ரி சீரியல்ஸ்', ஊட்டச்சத்துத் தானியங்கள் என்று அறிவித்தது. கம்பு அதே கம்புதான். பெயர் மாறியதும் மரியாதை வந்துவிட்டது.

பெயர் ஏமாற்றவும் செய்யும். செரசான் என்ற விதைநேர்த்தி மருந்தை வயசானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பெயரின் முன்பாதியைப் பாருங்கள், தானியத் தாய் ஞாபகத்துக்கு வருகிறாள். உள்ளே இருந்ததோ பாதரசம், ஆங்கிலத்தில் மெர்க்குரி. அதுவும் ரோமானியத் தெய்வத்தின் பெயர்தான், வியாபாரத்துக்கு உரிய தெய்வம்!

பாதரச மருந்து விதையில் இருந்த பூஞ்சாணத்தைக் கொன்றது உண்மை. ஆனால் பாதரசம் மக்கி அழிகிற பொருள் இல்லை. உடம்புக்குள் போனால் நரம்பைத் தாக்கும். 1971-72-இல் ஈராக்கில் பாதரச மருந்து ஏற்றிய விதைக் கோதுமை, விதைப்புப் பருவம் தாண்டி வந்து சேர்ந்தது. மூட்டையில் இருந்த எச்சரிக்கை அந்த மக்களுக்குத் தெரியாத மொழியில். கழுவினால் சாயம் போனது, விஷமும் போய்விட்டது என்று நினைத்து ரொட்டி சுட்டுச் சாப்பிட்டார்கள். 6,000 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அங்கே மட்டும் 459 பேர் இறந்ததாகக் கணக்கு.

இந்தியாவில் கரும்புக் கரணைக்கும் உருளை விதைக்கும் அனுமதித்திருந்த பாதரச மருந்துக்கு 2018 ஆகஸ்டில்தான் தடை வந்தது. கரும்புக் கடன் போடும்போது விதைநேர்த்திக்கு என்று ஒரு தொகை சேர்ப்போம். அந்தப் பணத்தில் என்ன வாங்குகிறார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

இப்போது நெல்லுக்கு நான் செய்வது பீஜாமிர்தம். பசுஞ்சாணம் 5 கிலோவைத் துணியில் கட்டி 20 லிட்டர் தண்ணீரில் ஒரு ராத்திரி தொங்கவிட வேண்டும். காலையில் அதை நன்றாகப் பிழிந்துவிட்டு, கோமியம் 5 லிட்டர், சுண்ணாம்பு 50 கிராம், வரப்பு மண் ஒரு கைப்பிடி சேர்த்துக் கலக்கி, விதையை நனைத்து நிழலில் உலர்த்தி விதைக்கலாம்.

அதற்கு முன்னால் முளைப்பு பார்த்துவிடுங்கள். 100 நெல்லை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, முளைத்ததை எண்ணுங்கள். சான்று விதைக்கு 80 முளைக்க வேண்டும் என்பது விதி. முளைப்பாரியும் ஒரு வகையில் இதே சோதனைதான்: ஊரில் யார் வீட்டு விதை நல்ல விதை என்று அம்மன் முன்னால் தெரிந்துவிடும்.

கடையில் விதை வாங்குகிறவர்கள் பையின் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படியுங்கள். சாயம் ஏற்றிய விதை மிஞ்சினால் சமைக்காதீர்கள், கோழிக்கும் போடாதீர்கள்.

எல்லாம் கேட்டுவிட்டு அந்தத் தம்பி, "நம்ம ஊர்ல தானியத் தாய்க்கு என்ன பேரு சார்?" என்றார். "அதை உங்க பாட்டிகிட்ட கேளுங்க, கையோட கம்பு விதை இருக்கான்னும் கேளுங்க" என்றேன். போன வாரம் ரெண்டு படி கம்போடு வந்து நின்றார்.